வாளி, தகரம், ஒன்று

அருங்காட்சியகத்தில் பதிவாளர் என்று ஒருவர் உண்டு. பார்க்க வருகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. எந்தப் பானை எந்த அலமாரியில், எந்தச் சிலை எந்தக் கண்காட்சிக்குக் கடனாகப் போயிருக்கிறது, திரும்பும்போது அதன் மூக்கு முழி சரியாக இருக்கிறதா, எல்லாம் அவர் தலையில்தான். அவர் இல்லாவிட்டால் அது பழைய சாமான் கடை.

நம் பதிவாளரை எல்லோரும் நம்பர் சார் என்பார்கள். முகத்துக்கு நேரேகூட. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷப் பதிவேட்டில் ஓர் அடித்தல் கிடையாது. சொந்தப் பேனாவுக்கும் எண் போட்டிருப்பார் என்று காவலாளி கதை கட்டுவார். பொய். பேனா மூடிக்கு மட்டும்தான் போட்டிருந்தார்.

கிடங்குக்கு விதிகள் எழுதியவரும் அவரே. மொத்தம் முப்பத்தொன்று. முதல் விதி: "கிடங்கில் காணப்படும் எப்பொருளும் அருங்காட்சியகத்தின் உடைமையே. அன்று மாலைக்குள் அதற்கு எண் இடப்பட வேண்டும்." மீதி முப்பதை அவரைத் தவிர யாரும் படித்ததில்லை.

ஒரு நாள் மழையில் கிடங்குக் கூரை ஒழுகியது. புதிதல்ல. பதினோரு வருஷமாக ஒழுகுகிறது. அதற்கு ஒரு கோப்பு இருக்கிறது. கோப்பு நனையாமல் வேறொரு கட்டடத்தில் பத்திரமாக இருக்கிறது. இந்தத் தடவை சொட்டு இடம் மாறி, முந்நூறு வருஷத்துத் துணி ஓவியத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கிடங்கைப் பெருக்கும் அக்கா பார்த்தாள். ஆபீஸ் வாளி கேட்டு ஆறு தடவை எழுதிக் கொடுத்து ஓய்ந்தவள். வீட்டுக்கு ஓடினாள். தன் தகர வாளியைக் கொண்டுவந்து சொட்டுக்கு நேரே வைத்தாள். மழை விட்டதும் எடுத்துப் போகலாம் என்று நினைத்தாள்.

நல்லது செய்கிறவர்கள் விதி படிப்பதில்லை.

மறுநாள் வருடாந்தரச் சரிபார்ப்பு. நம்பர் சார் வரிசையாக வந்தார். வெண்கலக் குடம், சரி. செப்புக் குடுவை, சரி. அடுத்தது வாளி. எண் இல்லை. அது வாளிதான் என்று அவருக்கும் தெரிந்தது. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் மணி நாலரை. மாலை நெருங்கிவிட்டது. தண்ணீரைக் கொட்டி, துடைத்து, கவிழ்த்து, அடியில் எண் எழுதினார். பதிவேட்டில்: "எண் 9,417. வாளி, தகரம், ஒன்று. காலம்: தெரியவில்லை. பயன்: தெரியவில்லை." பிறகு, பொருளில் ஈரம் படக் கூடாதே என்று மேல் தட்டில் ஏற்றி வைத்தார். சொட்டு தரையில் விழுந்தது.

காலையில் அக்கா வந்தாள்.

"சார், என் வாளி எங்க?"

"எது?"

"அதோ, மேல மகாராணி மாதிரி உக்காந்திருக்கே."

"அது ஒன்பதாயிரத்து நானூத்திப் பதினேழு. பதிஞ்சாச்சும்மா. இனிமே நாட்டோட சொத்து."

"நாடு வந்து குழாய்ல தண்ணி பிடிக்குமா சார்? ஆறு மணிக்கு வரும், ஏழுக்கு நின்னுடும். வீட்ல பெரிய வாளி அது ஒண்ணுதான். மாமியார் காலைல சொம்பை வெச்சுக்கிட்டு நடையா நடந்தாங்க. ஒவ்வொரு நடைக்கும் என்னைத் திட்டினாங்க."

"உங்களுதுன்னு என்ன சான்று?"

"இடது பக்கம் நசுங்கியிருக்கும் பாருங்க. கல்யாணமான புதுசுல மாமியார் என் மேல வீசினது. நான் குனிஞ்சுட்டேன். சுவத்துல பட்டுச்சு."

நம்பர் சார் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். நசுங்கல் இருந்தது. பதிவேட்டில் சேர்த்தார்: "இடப்பக்கம் நசுங்கல். குடும்பப் பூசலில் நேர்ந்தது. நேரில் கண்டவர் வாக்குமூலம் உண்டு."

"அப்ப குடுத்துடுவீங்களா?"

"எப்படிம்மா குடுக்கறது? நேத்து வரைக்கும் வெறும் வாளி. இப்ப அதுக்கு வரலாறு வந்துடுச்சு. வரலாறு உள்ள பொருளை நீக்க முடியாது. இருபதாவது விதி."

அக்கா தலையில் கை வைத்தாள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

நம்பர் சார் கல்நெஞ்சர் அல்ல. சொம்பும் மாமியாரும் அவர் மனசை உறுத்தினார்கள். ஆனால் பதிவேட்டில் அடித்தல் போடுவதும் கையை வெட்டிக்கொள்வதும் அவருக்கு ஒன்றுதான். மத்தியானம் வரை யோசித்தார். திருப்பிக் கொடுக்க முடியாது, சரி. கடன் கொடுக்கலாமே!

இயக்குநரிடம் போனார். இயக்குநர் புதிசு. எங்கோ மூன்று மாதப் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவர் எதையும் பொருள் என்று சொல்வதில்லை. உரையாடல் என்பார்.

"வாளியைக் கடன் குடுக்கறோமா? யாருக்கு?"

"கிடங்கு பெருக்கற அம்மாவுக்கு சார்."

இயக்குநர் எழுந்தே விட்டார். "பிரமாதம்! மக்களிடம் கொண்டு செல்லுதல்! மேலிடத்துல இதைத்தான் தினமும் கேக்கறாங்க. இந்த வருஷம் நாம ஒண்ணுமே வெளிய அனுப்பல."

"அவங்க தண்ணி பிடிக்கத்தான் கேக்கறாங்க சார்."

"அதுதான் சார் உரையாடல்!"

கடன் வாங்கும் இடத்தைப் பதிவாளர் நேரில் பார்க்க வேண்டும். அக்கா வீட்டுக் குளியலறையில் நம்பர் சார் வெப்பமானியோடு நின்றார்.

"காவல் ஏற்பாடு?"

"மாமியார்தான்."

மாமியார் எட்டிப் பார்த்தாள். "யாருடி இந்த ஆளு? குளிக்கிற ரூம்ல என்ன வேலை இவனுக்கு?"

"காவல்: இருபத்து நான்கு மணி நேரமும். திருப்தி" என்று எழுதினார். "கூரை ஒழுகுதாம்மா?"

"இல்ல சார். ஏன்?"

"ஒன்பதாவது விதி. கூரை ஒழுகற கட்டடத்துல அருங்காட்சியகப் பொருள் எதையும் வெக்கக் கூடாது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த விதியெல்லாம் எனக்கு ஒரு காப்பி குடுங்க சார்" என்றாள்.

ஒப்பந்தம் மூன்று பிரதி. மூன்று மாதம். வாளி மரப்பெட்டியில், பஞ்சுக்கு நடுவில், காவலாளி துணையோடு நாலு தெரு தாண்டிப் போயிற்று. தண்ணீர் படக் கூடாது என்பது நிபந்தனை. முதல் சோதனையில் நம்பர் சார் எழுதினார்: "உட்புறம் ஈரம். காரணம்: காலநிலை." அவர் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் அது.

கெடு முடிந்தது. மறுபடி மழை. நம்பர் சார் குடையோடு வாசலில் நின்றார்.

"வாளியைத் திருப்பணும்மா."

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு விதித்தாளை நீட்டினாள். "ஒன்பதைப் படிங்க சார். உங்க கூரை ஒழுகுதா?"

"ஒழுகுது."

"அப்ப எப்படிக் குடுக்கறது? பொருள் பாவம் இல்லையா?"

நியாயம். "கூரை சரியாகும் வரை" என்று கடனை நீட்டித்துவிட்டுத் திரும்பினார். பாதித் தெருவில் நின்றுவிட்டார். வாளிக்கு ஒரு விதி, மற்றதுக்கு ஒரு விதியா? கிடங்கில் இன்னும் ஒன்பதாயிரத்து நானூற்றுப் பதினாறு பொருள், எல்லாம் அதே கூரைக்குக் கீழே.

மறுநாளே அறிவிப்பு ஒட்டினார். ஒழுகாத கூரை உள்ள எவரும் விண்ணப்பிக்கலாம். ஊரே வரிசையில் நின்றது. சிம்மாசனம் முடிவெட்டுகிறவர் கடைக்குப் போயிற்று. அங்கே ஒரு மாதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. தலையில்லாத சிலையில் பல் டாக்டர் கோட்டு மாட்டினார். துணி ஓவியம் இயக்குநர் வீட்டில் ஜன்னல் திரை. எண் இல்லாத வீடு வீடே இல்லை என்றாகிவிட்டது. "எங்களுது நாப்பத்திரண்டு. உங்களுது ஏழாயிரத்துச் சொச்சமா? பரவாயில்ல, அதுவும் பழசுதான்" என்று பெண்கள் ஒருவரை ஒருவர் தேற்றினார்கள். நம்பர் சாரின் மனைவி முறைப்படி விண்ணப்பித்து ஒரு நிலைக்கண்ணாடி வாங்கினாள். ஆண்டறிக்கை பிரமாதமாக வந்தது. இயக்குநருக்கு விருது கிடைத்தது.

அப்போது பார்த்து, பதினோரு வருஷக் கோப்போடு பொறியாளர் வந்து இறங்கினார். கூரையைச் சரிசெய்ய உத்தரவு.

ஊர் பதறியது. கூரை சரியானால் சாமான் திரும்பப் போகுமே! ஒரே நாளில் மனு தயார். "இக்கூரை தொன்மை வாய்ந்தது. இதன் ஒழுகல் நம் பண்பாட்டின் அடையாளம். கை வைக்கலாகாது." முதல் கையெழுத்து இயக்குநர். மூன்றாவது நம்பர் சாரின் மனைவி. அக்காவும் போட்டாள். அவள் சொல்லி மாமியாரும் கைநாட்டு வைத்தாள். பொறியாளர் படித்துப் பார்த்து, மனுவைக் காலிக் கிடங்கின் மேசையில் வைத்துவிட்டு நிம்மதியாகப் போனார்.

நம்பர் சார் உள்ளே வந்தார். கிடங்கில் ஒரு தாள். எண் இல்லை. மணி நாலரை.

"எண் 9,418. மனு, காகிதம், ஒன்று."

ஒழுகும் கட்டடத்தில் வைக்க முடியாது. பதினேழாவது விதிப்படி, காகிதத்தை அருங்காட்சியகக் கலத்துக்குள்தான் வைக்க வேண்டும். குடங்களில் ஊரார் அரிசியும் பருப்பும் கொட்டியிருந்தார்கள். காலியாக இருக்க வேண்டிய கலம், ஒப்பந்தப்படி, ஒன்றே ஒன்று.

இருட்டும் முன் அக்கா வீட்டுக்குப் போனார். வாளியைத் துடைத்து, மனுவை உள்ளே வைத்து, மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கினார்.

"இதுல இனி சொட்டுத் தண்ணி படக் கூடாதும்மா. உங்க கையெழுத்தே இதுல இருக்கு."

மாமியார் உள்ளே போய்ச் சொம்பைத் தேட ஆரம்பித்தாள்.