பித்தளை அடைப்பானை வென்ற படலம்

வாலரூத் துறையின் வீராங்கனையை, உயர்நிலைப் பள்ளி ஆய்வகத்தின் காவலரசியை, பல்லாயிரம் குடுவைகள் கழுவி வைரம் பாய்ந்த கரத்தினளை, டாம்சின் டிரெவார்த்தாவை முதற்கண் வாழ்த்துவோம். ஆண்டுதோறும் நடக்கும் கிழங்கான் மீன்பிடிப் போட்டியில் பக்கத்து வீட்டு ஜோரி பென்ரோஸிடம் மும்முறை தோற்றவள் அவள். தோற்றவர் வென்றவரின் மீனுக்கெல்லாம் ஊர் பார்க்கச் செதில் சுரண்ட வேண்டும் என்னும் துறைமேடை வழக்கப்படி மும்முறையும் சுரண்டியவள். நான்காம் முறை சுரண்டுவதில்லை என்று சூளுரைத்து எழுந்தவள்.

காலை பத்து மணிக்குப் போட்டிச் சங்கு ஒலிக்கும். அப்போது நீர்மேல் இல்லாத படகின் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும். மணியோ எட்டு. டிரெவார்த்தா குலத்தின் அலுமினியப் படகோ, குளிர்கால மழையையெல்லாம் தன் அடித்தளத் தகட்டின் கீழே குடித்துவிட்டு, இரண்டு கொழுத்த செம்மறிக் கடாக்களைச் சுமந்ததுபோல் டிரெய்லரில் கனத்துக் கிடந்தது. வாளி நுழையாத அந்தப் பாதாளத்திற்கு ஒரே வாயில், பின்புறத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு துளை. அதன் அடைப்பானைக் கழற்றி, நீரை வடித்து, மறுபடி மாட்டினால் படகு தயார். பால் குடிக்கும் பிள்ளைக்கும் எளிதான வேலை.

ஆனால் அடைப்பான் அசையவில்லை.

ஸ்பேனர் பூட்டினாள், அசையவில்லை. எண்ணெய் பொழிந்தாள், அசையவில்லை. ஸ்பேனரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, களிறு மரம் சாய்ப்பதுபோல் தொங்கினாள், டிரெய்லர்தான் அசைந்தது.

வேலிமேல் சாய்ந்து, கையில் இறைச்சி பொதிந்த சூடான பாஸ்டியோடு, ஜோரி இதையெல்லாம் கண்டான்.

“என்ன டாம்சின், கத்தி தீட்டியாச்சா? போன வருஷம் வாலுப் பக்கம் செதில் கொஞ்சம் ஒட்டிட்டு இருந்துச்சு.”

“உன் வாய்க்கும் ஒரு அடைப்பான் வாங்கணும் ஜோரி.”

அவள் குனிந்து உற்றுப் பார்த்தாள். விளிம்பில் வெள்ளைப் பூ பூத்திருந்தது. நடுவில் மின்னியது பித்தளை. மெல்லத் திரும்பிக் கணவனை நோக்கினாள்.

“கிளெம், இங்க இருந்த பிளாஸ்டிக் அடைப்பான் எங்க?”

“சமையலறை ஜன்னல்ல இருக்கு. செம்பு தோண்டின ஊர்ல இருந்துக்கிட்டு பிளாஸ்டிக்கா போடறது? அதான் போன வருஷம் இதை மாட்டினேன். பளபளன்னு இருந்துச்சு.”

“ஒரு வருஷமா கழற்றவே இல்லையா?”

“எதுக்குக் கழற்றணும்? ஒழுகலியே.”

ஐயகோ. உலோகக் குலங்களின் வரலாறு அறியாத பேதைமையே. தனிம அட்டவணை என்னும் பெருங்கோட்டையின் இடது மதிலோரம் வாழ்பவர் ஊதாரிகள். வெளிச்சுற்றில் ஒற்றை எலக்ட்ரானை வைத்துக்கொண்டு எவர்க்கும் கொடுக்கத் துடிப்பவர். மேல்தளத்து லித்தியம் நீரைக் கண்டால் நுரைக்கும். அதன் கீழே சோடியம் உருகி உருண்டையாகி நீர்மேல் ஓடும். அதற்கும் கீழே பொட்டாசியம் ஊதாத் தீ கக்கும். கீழே இறங்க இறங்க வெளிச்சுற்று அணுக்கருவை விட்டு விலகும், பிடி தளரும், வள்ளல்தனம் வெறியாகும். வலப்பக்கம் நடந்தாலோ வீட்டுக்கு வீடு பிடி இறுகும்: சோடியத்தினும் மக்னீசியம் நிதானம், அதனினும் அலுமினியம் நிதானம். இவர்களுக்கு இடைப்பட்ட நடுமுற்றத்தில் செம்பு, வெள்ளி, பொன் என மூன்று கருமிகள் ஒருவர்கீழ் ஒருவராய் வீற்றிருக்கிறார்கள். அங்கே வழக்கே தலைகீழ். கீழே போகப் போகக் கருமித்தனம் கூடும்.

அலுமினியமும் வள்ளல்தான், காற்றுப் பட்ட கணமே பூணும் மெல்லிய கவசம்தான் அதைக் காக்கிறது. அந்த வள்ளலின் மடியில் செம்புக் குருதி ஓடும் பித்தளையை உட்கார வைத்து, இடையில் உப்புநீரைத் தரகனாக நிறுத்தினால் என்ன ஆகும்? உப்பு கவசத்தைத் துளைக்கும்; வள்ளல் கொடுப்பான், கருமி வாங்குவான்; கொடுத்தவன் உடல் வெண்பொடியாகிப் பருத்துத் திருகுபுரிகளில் சிமெண்டாய் இறுகும்.

“பளபளன்னு இருக்கறவன்தான் பக்கத்துல இருக்கறவனைக் கரைப்பான், கிளெம்.”

“இதை நீ கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

மணி ஒன்பது. வலிமையால் ஆகாததை அறிவால் முடிக்கத் துணிந்தாள் டாம்சின். டிரெய்லரின் முன்சக்கரத்தைத் தாழ்த்தினாள். படகு மூக்குக் கவிழ, அடைப்பானைச் சூடேற விடாமல் காத்த நீர்ப்படை பின்புறக் கோட்டையைக் கைவிட்டு முன்புறம் ஓடியது. “கெட்டில்” என்று முழங்கினாள். பிளாஸ்டிக் அடைப்பானை எடுக்க உள்ளே போய்க்கொண்டிருந்த கிளெம், கட்டளை கேட்டுக் கெட்டிலோடு திரும்பினான். நான்கு முறை நிரப்பினான், நான்கு முறை ஓடினான். கொதிநீர் பட்ட அலுமினியம் பித்தளையைவிட அதிகமாக விரியும் என்பதை அவள் அறிவாள். அந்த மயிரிழை இடைவெளிக்காகவே காத்திருந்து, ஆவி சூழ, பல் கடித்து, குழாய்மேல் பாய்ந்தாள்.

கிரீச்சென்று அலறியது பித்தளை. கால் சுற்று. அரைச் சுற்று. உள்ளங்கையில் விழுந்தது பகைவன் தலை. டிரெய்லரின் மூக்கை உயர்த்தவும், குளிர்கால மழையெல்லாம் அருவியெனக் கொட்டி ஜோரியின் செருப்பை நனைத்தது.

இனிப் பொழுதில்லை. காரில் பாய்ந்து, சாய்தளம் அடைந்து, ஒன்பது ஐம்பத்தைந்துக்குப் படகை நீரில் தள்ளினர். இறங்கும் ஒவ்வொரு படகையும் பார்த்து அங்கே நிற்பவர் கேட்டே தீரும் கேள்வியை, முந்தி வந்து இறங்கிவிட்ட தன் படகிலிருந்து ஜோரியும் கேட்டான்.

“டாம்சின், அடைப்பான்?”

அவளோ எழுந்து நின்றாள். பித்தளையை வானுக்கு உயர்த்தினாள். “இதோ பார்” என்று முழங்கினாள். துறை ஆர்ப்பரித்தது, சங்கு ஒலித்தது, கடற்காகங்கள் குடைபிடித்தன, மோட்டார் கர்ஜித்தது, வெற்றித்திருமகள் படகின் முகப்பில் வந்து அமர, உலோகங்களின் குலமெல்லாம் அறிந்த அந்த ஒப்பற்ற அறிவரசி ஸ்பென்சர் வளைகுடாவை நோக்கி நிமிர்ந்து நின்றாள்.

“டாம்சின், என் சாக்ஸ் நனையுது,” என்றான் கிளெம்.