பதினேழு பொத்தான்கள்

"தம்பி, உங்க கடையில விக்கிறது இனிப்பா, சட்டைப் பொத்தானா?"

போனில் வந்த பெண்குரலில் கோபமே இல்லை. அதுதான் வஜ்திக்குப் பயமாக இருந்தது.

"இனிப்புதாங்க. ஸ்ஃபாக்ஸ் ஊர்ல ஹாஜி முக்தார் கடையத் தெரியாதவங்க உண்டா?"

"கடையத் தெரியும். நீங்க பண்ணின இணையதளம்தான் பிடிபடல. எனக்குப் பார்வை கிடையாது. போன்ல இருக்கிற குரல்தான் எல்லாத்தையும் படிச்சுச் சொல்லும். உங்க பக்கத்துக்கு வந்து 'பொத்தான், பொத்தான், பொத்தான்'னு பதினேழு தடவை சொல்லிட்டு அதுவே ஓஞ்சு போச்சு."

பேசியவள் சபிஹா, பார்வையற்றோர் சங்கத்தின் செயலாளர். ஈதுப் பெருநாளுக்குச் சங்கத்து வீடுகள் இருநூறுக்கும் ஹாஜி கடையிலிருந்துதான் இனிப்புப் பெட்டி என்று பேச்சு முடிந்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான். யார் தயவுமில்லாமல், அவரவருக்கு வேண்டியதை அவரவரே தளத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அவள் போனை வைத்த கையோடு ஹாஜி அழைத்தார்.

"வியாழக்கிழமைக்குள்ள சரி பண்ணிடு. முடியலன்னா சொல்லு, என் மருமகன்கிட்ட குடுத்துடறேன். அவனும் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருக்கான்."

மருமகன் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறவன். அது வஜ்திக்குச் சுருக்கென்று தைத்தது.

பொத்தானுக்குப் பெயர் வைத்தால் தீர்ந்தது என்று உட்கார்ந்தான். முதல் பொத்தானுக்கு 'பக்லாவா ஒரு கிலோ சேர்' என்று எழுதினான். அவசரத்தில் அந்தப் பொத்தானையே பதினேழு இடத்திலும் ஒட்டிவிட்டான்.

மறுநாள் காலை சபிஹா.

"தம்பி, எனக்குப் பேரீச்சம்பழம் வச்ச மக்ரூத் வேணும். அழுத்தினா பக்லாவா சேருது. சரி, பக்லாவா வேணாம்னு எடுக்கப் போனேன். இன்னொரு கிலோ சேருது. இப்போ பதினாலு கிலோ நிக்குது. எங்க வீட்ல ரெண்டே பேரு!"

ஒவ்வொன்றாகத் திருத்தினான். மதியம் மறுபடியும் போன்.

"பக்லாவா தொல்லை விட்டுது. இப்போ படத் தொல்லை. ஒவ்வொரு படத்துக்கும் 'ஐ எம் ஜி நாலு நாலு ஏழு ஒண்ணு'ன்னு சொல்லுது. அதுல பாதாம் இருக்குமா, பிஸ்தாவா?"

அறுபது படங்கள். வஜ்தி தன் தங்கை ஷிராஸைக் கூப்பிட்டான்.

"ஒவ்வொரு படத்துக்கும் மறைவா ஒரு வரி எழுதணும். பார்க்கிறவங்களுக்கு அது தெரியாது. அந்தக் குரல் மட்டும் படிக்கும். கண்ணுல படறத அப்படியே எழுது. ஒண்ணையும் மறைக்காதே."

"நான் எப்பண்ணே மறைச்சிருக்கேன்?" என்றாள் ஷிராஸ்.

அந்த இடத்திலேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் புதன்கிழமை மாலை அவள் எழுதித் தந்ததை ஒரு வரிகூடப் படிக்காமல் ஏற்றிவிட்டான்.

வியாழன் மதியத்துக்குள் நூற்றுப்பத்துப் பெட்டிகளுக்கு ஆர்டர் வந்துவிட்டது. சபிஹா போனில் சிரிப்புக்கு நடுவே பேசினாள்.

"தம்பி, சங்கத்துல எல்லாரும் ஒண்ணா உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கோம். யாருப்பா எழுதினது? 'பச்சைப் பெட்டி. ரிப்பன் புதுசு, உள்ளே இருப்பது போன ஈதுடையதாக இருக்கலாம்.' அட, அந்தப் பத்தொம்பதாவது படம்! 'ஹாஜி முக்தார். தொப்பை மேசைக்கு இந்தப் பக்கம், ஆள் அந்தப் பக்கம். சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், முயற்சி செய்கிறார்.'"

வஜ்தி கணினியைத் திறந்து அறுபதையும் படித்தான். ஒரு படத்தின் ஓரத்தில் நின்ற ஹாஜியின் அத்தையைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

"ஷிராஸ்! என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!"

"நீதானே மறைக்காதேன்ன? யாரு கண்ணுக்கும் தெரியாதுன்னும் நீதான் சொன்ன!"

எல்லாவற்றையும் அழிக்கப் பாய்ந்தான். அவசரத்தில் எதையோ மாற்றி அழுத்த, இதுவரை மறைவாயிருந்த அறுபது வரிகளும் ஒவ்வொரு படத்துக்கடியிலும் கொட்டை எழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. இப்போது ஊருக்கே தெரிந்தது.

அதே நிமிடம் போன். ஹாஜி ஒரே சொல்தான் சொன்னார்.

"வா."

கடை வாசலில் இரண்டு பெண்கள் போனைப் பார்த்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வஜ்தி தலையைக் குனிந்தபடி உள்ளே போனான். உள்ளறையில் ஹாஜி மூக்குக்கண்ணாடியும் ஒரு காதில் இயர்போனுமாகக் கணினிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். திரை முழுக்கப் பத்தொன்பதாவது படம். அதற்கடியில் விரற்கடை உயரத்துக்குத் தொப்பை வரி.

"ஹாஜி... நான் படிக்காமப் போட்டுட்டேன். இந்தா, இப்பவே எடுத்துடறேன்."

"எழுதினது யாரு?"

"என் தங்கச்சிதான். சின்னப் பொண்ணு, வாய் கொஞ்சம்..."

ஹாஜியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று வஜ்தி பயந்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவர் சிரிப்பது தெரிந்தது.

"எழுத்தை எங்க வேணா ஒளிச்சு வை. ஆனா ஒரு சொல்லை மாத்தினே, தளம் மருமகன்கிட்ட போயிடும். கல்யாணப் பெட்டிப் படங்களுக்கும் அந்தப் பொண்ணையே எழுதச் சொல்லு."

வஜ்தி பேயறைந்தவன்போல் வரிகளை மறைத்துவிட்டு வெளியே வந்தான். வாசலருகே முப்பது வருடமாகப் பெட்டி கட்டும் ஹமாதி, ரிப்பனைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மனசு மாமா இந்த ஹாஜிக்கு! தொப்பைன்னு அவ்வளவு பெருசா போட்டிருக்கு, கண்ணெதிர்ல வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரே!"

ஹமாதி உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணெதிர்ல எங்க தம்பி, அவருக்குப் பார்வை போயி ரெண்டு வருஷமாச்சு, கடையில யாருக்கும் தெரியக்கூடாதுன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் அந்தச் சங்கத்துக்குப் போறாரு, சபிஹாவ விட்டு உனக்கு முதல் போன் போட வச்சதே அவருதான்!"