கால் தொட்டியும் அரைக்கால் தொட்டியும்

பொதுமக்களுக்குக் கால்கள் உண்டு என்ற விவரம் எங்கள் சுகாதாரத் துறைக்கு முறைப்படி தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எங்கள் இயக்குநரின் மனைவி ஒரு பார்லரில் பெடிக்யூர் செய்துகொண்டு வந்து அன்றோடு மூன்று நாள். வலது கால் கட்டைவிரல் தக்காளி மாதிரி வீங்கிவிட்டது. விசாரித்துப் பார்த்ததில், அந்தப் பார்லரில் தரை துடைக்கிற வாளியிலேயே காலை ஊறவைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பும் ஊரில் எத்தனையோ கட்டைவிரல்கள் வீங்கியிருக்கின்றன. அவையெல்லாம் தனியார் கட்டைவிரல்கள். இது துறை சார்ந்த கட்டைவிரல் என்பதால், உடனடியாக விதிகள் வகுக்கும்படி உத்தரவாயிற்று.

வகுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் வரைவுப் பிரிவில் எழுத்தர். பெடிக்யூர் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி என் அக்கா ஒரு சின்ன பார்லர் நடத்துகிறாள். அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அக்காவிடம் நான்கு தொட்டிகள். ஒன்றில் வாடிக்கையாளரின் கால் இருக்கும். இன்னொன்று கிருமிநாசினியில் ஊறிக்கொண்டிருக்கும். மூன்றாவது கவிழ்த்துக் காயும். நான்காவது தயாராகக் காத்திருக்கும். நகவெட்டியும் கத்தரியும் சூட்டில் சுத்தமாகி ஒட்டிய உறைக்குள் கிடக்கும். உறையை வாடிக்கையாளரின் கண்முன்னால்தான் கிழிப்பாள். விரலில் சின்ன வெட்டு இருந்தால்கூட, "ஆறட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். இப்படிப்பட்டவளுக்குத் தம்பியாகப் பிறந்து, பள்ளிக்கூடம் போகுமுன் நகத்தைக் காட்டிக் காட்டியே நான் வளர்ந்தேன்.

பத்து விதிகள் எழுதினேன். ஏழாவது விதி இது: 'ஒவ்வொரு நிலையமும் தன்னிடமுள்ள தொட்டிகளில் பாதத் தொட்டியை மட்டுமே வாடிக்கையாளருக்குப் பயன்படுத்த வேண்டும். மற்றவை முத்திரையிடப்படும்.' தரை துடைக்கிற வாளியில் இனி யார் காலும் விழக்கூடாது என்பதுதான் நோக்கம். கண்காணிப்பாளர் சிவப்புப் பேனாவை எடுத்துப் 'பாதம்' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார்.

"யாரோட பாதம் இது?" என்றார்.

"பொதுமக்களோடதுதான் சார்."

"பாதம்ங்கறது மரியாதைச் சொல். சாமிக்கு உண்டு, மேலிடத்துக்கு உண்டு. பொதுமக்களுக்குக் கால் போதும்."

பாதத் தொட்டி அப்படித்தான் கால் தொட்டி ஆயிற்று. இயக்குநர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

விதிகளை அமல்படுத்த வந்த ஆய்வாளர், எடை அளவைத் துறையில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு எங்களிடம் மாறுதலாகி வந்தவர். கால் என்றால் அவருக்குக் கால் கிலோ, கால் லிட்டர். மனிதனின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் கால் இரண்டாம்பட்சம்தான். அவர் அக்காவின் பார்லருக்கு வந்தபோது நானும் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"மொத்தம் எத்தனை தொட்டி?"

"நாலு சார். எல்லாமே கால் தொட்டிதான்" என்றாள் அக்கா.

"எல்லாமே எப்படிம்மா காலாகும்? நாலுல கால், ஒண்ணு. மிச்சம் மூணுக்கும் சீல் வைக்கணும்."

"சார், கால்னா இது." செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலையே தூக்கிக் காட்டினாள்.

அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். "அது உங்க சொந்த விஷயம். நான் விதியைப் பாக்கறேன்."

"அப்போ கை வைக்கிற கிண்ணம் ஆறு இருக்கே, அதை என்ன பண்றது?"

"கைன்னு ஒரு அளவே கிடையாதும்மா. அதை நீங்க எத்தனை வேணும்னாலும் வெச்சுக்கலாம்."

நான் அந்த இடத்தில் எழுந்து விளக்கம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், குழப்பமாக வரைந்தது யார் என்ற கேள்வி வரும். கேள்விக்குப் பின்னால் மெமோ வரும். அதனால் வாயில் இருந்ததை மென்றுகொண்டே இருந்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று தொட்டிகள் முத்திரையோடு மூலைக்குப் போயின. ஒவ்வொருவருக்கும் நடுவில் அந்த ஒற்றைத் தொட்டியை ஊறவைத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும் என்பதால், ஒரு நாளைக்கு இருபது பேர் வந்த கடையில் ஏழு பேரைத்தான் கவனிக்க முடிந்தது. எதிர்ப் பார்லரில் எட்டுத் தொட்டிகள் இரண்டாயின. அந்தக் கடைக்காரர் கழுவுகிற வேலையையே விட்டுவிட்டார். தண்ணீரை மாற்றாமல் மேலே புதிதாக ரோஜா இதழ்களைத் தூவினார். அங்கே கூட்டம் அலைமோதியது.

அக்காவை நம்பி இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றாள். அவளுடைய பழைய வாடிக்கையாளர்கள் ஐந்து பேர் கொதித்துப்போய், 'சுத்தமே எங்கள் உயிர்மூச்சு, விதிக்கு விளக்கம் தேவை' என்று துறைக்கு மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். துறையும் விளக்கக் குழு ஒன்றை நியமித்தது. குழு மூன்று அமர்வுகள் கூடி ஆராய்ந்து, 'விதியில் வரும் கால் என்னும் சொல், கால் என்றே பொருள்படும்' என்று ஏகமனதாக அறிவித்தது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவனும் நான்தான்.

இரண்டு மாதத்தில் கட்டைவிரல் வீக்கப் புகார்கள் மூன்று மடங்காயின. விதி இருந்தும் வீங்குகிறது என்றால் விதியின் கடுமை போதவில்லை என்று அர்த்தம். கால் போதவில்லை என்றால் அதில் பாதி, அரைக்கால். அதற்கு மேல் யோசிக்கிற பழக்கம் எங்கள் துறையில் இல்லை. திருத்த ஆணை வெளிவந்தது.

எதிர்க்கடையில் எட்டில் அரைக்கால், ஒரு தொட்டி மிஞ்சியது. அக்காவின் நான்கில் அரைக்கால், அரைத் தொட்டி. ஆய்வாளர் பெயிண்ட் டப்பாவோடு வந்து அவளுடைய ஒரே தொட்டியின் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் சட்டம், அந்தப் பக்கம் குற்றம். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கால்தான் வைக்க முடியும். வாடிக்கையாளர்கள் இடது காலை இந்த வாரமும் வலது காலை அடுத்த வாரமும் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஊர் கோபப்படும் என்று எதிர்பார்த்தேன். ஊர் அதை நாகரிகமாக்கிக்கொண்டது. எதிர்க்கடைக்காரர் தன் ஒரே பெரிய தொட்டியைச் சுற்றி வட்டமாக நாற்காலிகளைப் போட்டு, ஆளுக்கு ஒரு காலை உள்ளே விடச் சொல்லி, 'ஒற்றைக்கால் கூட்டுக் குளியல்' என்று பலகை மாட்டினார். பத்திரிகைகளில் படம் வந்தது. ஒரு காலில் பளபளக்கும் நகமும் மெல்லிய செருப்பும், மறு காலில் மூடிய ஷூவும்தான் மேன்மக்களின் அடையாளம் என்றாகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் ஆண்களும் ஒரு பக்கப் பேண்டை மடித்துக்கொண்டு திரிந்தார்கள்.

அக்கா மட்டும், ஒருத்தர் கால் வைத்த தண்ணீரில் இன்னொருத்தர் காலை வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஊரே ஒற்றைக்கால் மோகத்தில் அலைந்தபோது நிஜமாகவே ஒற்றைக்காலில் நின்றவள் அவள் ஒருத்திதான். மாதக் கடைசியில் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் கண்காணிப்பாளர் விடுப்பு. என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குத் துணிச்சல் வந்தது. ஏழாவது விதியில் 'அரைக்கால்' என்பதை அடித்து, 'பாத' என்று எழுதி, கையெழுத்துக்குப் போகும் கட்டின் நடுவில் செருகினேன். இயக்குநர் அதையும் படிக்கவில்லை. பாதம் என்ற அளவை எந்த வாய்ப்பாட்டிலும் கண்டுபிடிக்க முடியாமல், ஆய்வாளர் நான்கு நாள் தவித்துவிட்டு எல்லா முத்திரைகளையும் உடைத்தார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா நான்கு தொட்டிகளிலும் படிந்திருந்த தூசியைத் துடைத்துக் கிருமிநாசினியில் ஊறப்போட்டாள். மனுவில் கையெழுத்திட்ட ஐந்து பேரும் ஒன்றாகவே வந்தார்கள். அவள் முகம் மலர்ந்து வரவேற்று, கால் மணி நேரம் உட்காரச் சொன்னாள்.

கால் மணி நேரம் என்றதும் ஐந்து பேரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் கழுவ வேண்டியிருக்கிறது என்றால் தொட்டி அவ்வளவு அழுக்கா என்று ஒருவர் சந்தேகப்பட்டார். தனித்தனியாக உட்கார்ந்தால் யாரோடு பேசுவது என்று இன்னொருவர் கவலைப்பட்டார். ஒருவர் பின் ஒருவராக, ஒரு சின்ன வேலை இருக்கிறது என்று கிளம்பினார்கள்.

அவர்கள் போன கையோடு நான் போய்ச் சேர்ந்தேன். அலுவலகத்தில் இன்னும் இரண்டு காலும் ஒரே மாதிரி இருப்பது நான் ஒருவன்தான் என்பதால் எல்லோரும் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அக்கா என்னிடமும் கால் மணி நேரம் என்றாள். எனக்கு அனுமதி அரை மணி நேரம்தான். ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தெருவைக் கடந்தேன்.

எதிர்க்கடையில் எட்டுத் தொட்டிகளும் திரும்ப வந்திருந்தும் எல்லோரும் அந்த ஒரே தொட்டியைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். மனுக்காரர்கள் ஐந்து பேர். இயக்குநரின் மனைவி. ஒரு பக்கப் பேண்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு ஆய்வாளர். தண்ணீர் இதமாக இருக்கிறது என்று சொல்லி எனக்கு இடம் விட்டார்கள். ரோஜா இதழ்களுக்கு அடியில் தண்ணீர் என்ன நிறம் என்று தெரியவில்லை. நானும் பார்க்க விரும்பவில்லை. வலது காலை உள்ளே விட்டேன்.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். எட்டுப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"தம்பி, முடிச்சுட்டு அப்படியே ஆபீஸ் போயிடு. அந்தக் காலோட என் கடைக்குள்ள வராதே."

போய்விட்டாள். தண்ணீரிலிருந்து காலை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எல்லோருக்குமே தோன்றியிருக்க வேண்டும். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். இதழ்களை ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே எட்டுக் கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்கலாகக் கிடந்தன.

"இதுல நம்ம கால் எது?" என்று ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார்.