எதுக்குவே அண்ணாச்சி மைக் வாங்கிய கதை

தன் நிழல் பின்னால் வந்தாலும் நின்று திரும்பி, "எதுக்குவே வாரீரு?" என்று விசாரிக்கக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் உண்டென்றால், அவர் எங்கள் பாளையங்கோட்டை ஆபீஸில் கொள்முதல் பிரிவில் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் சம்பள ரிஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் எதுக்குவே அண்ணாச்சி.

நாங்கள் தண்ணீர் மோட்டார் விற்று, ரிப்பேரும் பார்த்துக் கொடுக்கிற கம்பெனி. தலைமை ஆபீஸ் சென்னையில். எங்கள் கிளையில் குண்டூசி வாங்கினாலும் அண்ணாச்சி கையெழுத்து வேண்டும். புது நாற்காலி வந்தால் உட்கார மாட்டார். கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைப் பார்ப்பார். இலவசமாகக் காலண்டர் கொண்டு வருகிற ஆளை வாசலிலேயே நிறுத்தி, "சும்மா எதுக்குவே குடுக்கீரு?" என்று கேட்பார். அவன் காலண்டரை அங்கேயே வைத்துவிட்டுத் தப்பித்தால் போதும் என்று ஓடுவான்.

சர்ச்சில் பாதிரி ஐயர் "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொன்னதும் ஊரே கண்ணை மூடும். அண்ணாச்சி ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் மூடிட்டா யாருவே பாக்குறது?" என்றார். அவர் கண் திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கக் கூடாது.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் மீட்டிங் அறைக்கு கேமராவும் மைக்கும் வாங்குகிற வேலை வந்து சேர்ந்தது.

அறை என்று சொல்வது மரியாதைக்கு. பழைய உதிரிபாகங்கள் கிடந்த இடம். பத்துக்குப் பத்து. மூன்று பக்கச் சுவரிலும் டைல்ஸ், நாலாவது பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பஸ் ரோடு. திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சியோடு சேர்த்து ஏழு பேர் அதற்குள் இடித்துக்கொண்டு உட்காருவோம். மேஜைக் கோடியில் பழைய கேட்லாக்குகளை அடுக்கி, அதன்மேல் ஒரு லேப்டாப். லேப்டாப்புக்குள்ளே செல்வி.

செல்வி எங்கள் புகார்ப் பிரிவு. அம்பாசமுத்திரம் பக்கத்தில் எந்தத் தோட்டத்தில் எந்த மோட்டார் மக்கர் பண்ணுகிறது என்பது அவளுக்கு மனப்பாடம். அவளுடைய அப்பா, ரிட்டையரான தலைமை ஆசிரியர், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அதனால் அவளுக்கு மட்டும் ஆழ்வார்குறிச்சியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கொடுத்திருந்தார்கள்.

அதற்குத்தான் வேட்டு வந்தது. சென்னையிலிருந்து ஒரு மெயில். 'வீட்டிலிருந்து பணிபுரியும் அலுவலர் வாரக் கூட்டங்களில் வாய் திறப்பதே இல்லை. மீட்டிங் அறைக்குச் சரியான கருவிகள் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இதே நிலை என்றால் அவர் தினமும் ஆபீஸ் வர வேண்டும், இல்லாவிட்டால் விலகிக்கொள்ள வேண்டும்.' படுக்கையில் கிடக்கிற அப்பாவை விட்டுவிட்டு அவள் எப்படித் தினமும் பஸ் ஏறுவாள்? வேலை போகிறது என்றுதான் அர்த்தம். அந்தச் சம்பளத்தில்தான் அப்பாவுக்கு மருந்து.

அண்ணாச்சி முதலில் சந்தேகப்பட்டது செல்வியைத்தான்.

"போன்ல பேசுனா மணிக்கணக்குல பேசுதா. மீட்டிங்ல மட்டும் வாய்ல என்ன கொழுக்கட்டையா? எனக்கு என்னமோ சரியாப் படலைவே."

"கூச்சமா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

முதல் கம்பெனிக்காரன் ஒரு கேமரா கொண்டுவந்தான். யார் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் அதுவே திரும்பி முகத்தைப் பெரிதாகக் காட்டுமாம். மாட்டி முடித்ததும் அவன் செய்த முதல் காரியம், ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தியது. அப்போது மே மாதம்.

"ஃபேனை எதுக்குவே அமத்துனீரு?"

"சத்தம் வரும் சார். டெமோவுக்காக..."

"அப்போ நாங்க வாங்குன பொறவு ஃபேன் இல்லாமலே வெந்து சாவணுமோ? போடும்வே."

ஃபேன் ஓடியது. எங்கள் கிளை மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். கேமரா மெதுவாகத் திரும்பியது. மேனேஜரைத் தாண்டியது, என்னையும் தாண்டியது, எதிர்ச் சுவரில் சந்தன மாலையோடு இருந்த கம்பெனி நிறுவனர் படத்தில் போய் நின்று அவருடைய மீசையைப் பெரிதாகக் காட்டியது.

"எக்கோ சார்" என்றான் அவன். "டைல்ஸ்ல பட்டு சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வருது."

"செத்துப்போன மனுசன் பேசுதாருன்னு உம்ம கேமரா சொல்லுது. நாளைக்கு அவரு கையெழுத்துப் போட்டாருன்னும் சொல்லும். எடுத்துட்டுப் போவும்."

இரண்டாவது ஆள், கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு நீளமான கட்டையைக் கொண்டுவந்தான். டி.வி.க்குக் கீழே வைத்தால் போதும், பத்து மீட்டர் தூரத்தில் பேசுவதையும் மைக் பிடித்துவிடும் என்று பெருமையாகச் சொன்னான்.

அண்ணாச்சி எழுந்துபோய்ச் சுவருக்குச் சுவர் காலடி வைத்து அளந்தார். "ரூம் பத்து அடி. உம்ம மைக் பத்து மீட்டரு. மிச்சம் எங்கனவே போவும்? பக்கத்து வீட்டுல மாமியா மருமவ சண்டையெல்லாம் சென்னைக்குப் போவவா?"

அவன் பதில் யோசிப்பதற்குள், தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் மூடினார். "இப்ப ஒட்டுக் கேக்குதா?" என்று துண்டைப் பார்த்தே கேட்டார். துண்டுக்குள்ளேயிருந்து, டெமோவுக்காக ஆழ்வார்குறிச்சியிலிருந்து இணைந்திருந்த செல்வியின் குரல், "கேக்குது அண்ணாச்சி" என்றது. அண்ணாச்சி இரண்டடி பின்னால் குதித்தார். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையான சந்தேகம் வந்தது. எல்லோரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏவே, துண்டைப் போடுததுக்கு முன்னாடி 'கேக்குதா'ன்னு கேட்டோம். கேக்குதுன்னா. துண்டைப் போட்டுட்டுக் கேட்டோம். அதுக்கும் கேக்குதுங்கா. போன வாரம் கரண்டு போயி பாதி மீட்டிங் அந்து போச்சு. அப்பவும் கேக்குதுன்னுதானே சொன்னா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நம்ம ஊர்ல சாப்பிட்டியான்னு கேட்டா, பட்டினி கெடக்கவனும் சாப்பிட்டாச்சுன்னுதாம்வே சொல்லுவான். அது மாரி இருக்கு இது. எனக்கு நம்பிக்கை இல்லை."

அடுத்த திங்கட்கிழமை அண்ணாச்சி லீவு. ஒரு நாளும் லீவு போடாத மனிதர் லீவு என்றதும் மீட்டிங்கில் அதுதான் பேச்சு. காலண்டர்காரனைக் கண்காணிக்கப் போயிருப்பார் என்றார் ஒருவர். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, அண்ணாச்சி துண்டைப் போட்டுவிட்டுப் பின்னால் குதித்ததை நடித்துக் காட்டினேன். அறையே அதிர்ந்தது.

அப்போது லேப்டாப்பில் செல்வியின் முகத்தை ஒதுக்கிக்கொண்டு இன்னொரு முகம் வந்தது. திரை முழுக்க மூக்கு.

"ஏவே! எதுக்குவே சிரிக்கீரு?"

நான் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி ஆழ்வார்குறிச்சியில் இருந்தார். காலையில் முதல் பஸ் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் செல்வி வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறார். உள்ளே அவ்வளவு சுலபமாக விடவில்லை. கட்டிலில் படுத்திருந்த தலைமை ஆசிரியர், "யாருவே நீரு? இன்சூரன்ஸா? செருப்பை எதுக்கு ஜன்னலுக்கு நேரா விட்டிருக்கீரு?" என்று கால்மணி நேரம் குறுக்கு விசாரணை நடத்தியிருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணாச்சி இன்னொருவரிடம் விளக்கம் கொடுத்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஆபீஸில் எனக்குச் சரியான மண்டகப்படி காத்திருக்கிறது என்று பயந்துகொண்டே போனேன். அண்ணாச்சி திட்டவில்லை. எங்கள் ஆறு பேரையும் அந்த அறையில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார்.

"நேத்து நீங்க பேசுனது ஒரு வார்த்தை எனக்கு வெளங்கலை. ஃபேன் எரைச்சலு, பஸ் ஹாரனு, ஒருத்தன் பேசும்போதே இன்னொருத்தன். அந்தப் பிள்ளை பேச வாயைத் தொறக்கும். அதுக்குள்ள இங்கன எவனாவது ஆரம்பிப்பான். அது மூடிக்கிடும். மறுபடி தொறக்கும், மூடிக்கிடும். நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒண்ணே ஒண்ணுதான் நல்லாக் கேட்டுச்சு. உங்க சிரிப்பு."

ஒருவர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்தார்.

"எதுக்குச் சிரிக்காங்கன்னு தெரியலை. யாரைப் பாத்துச் சிரிக்காங்கன்னு தெரியலை. நம்மளைப் பாத்துத்தான் சிரிக்காங்கன்னே தோணுதுவே. நான் பொறந்ததுல இருந்து எல்லாரையும் சந்தேகப்பட்டவன், எனக்கே நேத்து தாங்க முடியலை. அந்தப் பிள்ளை ஒரு வருசமா தனியா உக்காந்து அதைக் கேட்டுட்டு இருக்கு."

அவரைப் பார்த்துத்தான் சிரித்தோம் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் போட்ட சட்டம் ஊரில் எந்தக் கம்பெனிக்காரனும் கேள்விப்படாதது. டெமோ பாளையங்கோட்டையில் நடக்கும். தீர்ப்பு ஆழ்வார்குறிச்சியில். ஃபேன் முழு வேகத்தில் ஓட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், நாங்கள் ஆறு பேரும் வழக்கம்போலக் கத்த வேண்டும். அண்ணாச்சி செல்வி வீட்டில் ஒரு நாற்காலியில். கட்டிலில் தலைமை ஆசிரியர். சந்தேகத்துக்குச் சந்தேகம் சளைத்ததில்லை என்று இருவரும் சேர்ந்து எங்கள் காதைத் துளைத்தார்கள்.

"அந்த ஜன்னலோரத்துல இருக்கவன் முணுமுணுக்கான். அவன் என்னமோ மறைக்கான்" என்பார் தலைமை ஆசிரியர்.

"ஆமா சார், அவன் அப்படித்தான்" என்பார் அண்ணாச்சி. ஜன்னலோரத்தில் இருந்தது நான்.

ஒரு விற்பனைக்காரன் பொறுக்காமல் கேட்டே விட்டான், "சார், அந்த வீட்டு நெட்டும் அந்த அம்மா போனும் சுமார்தான். அதை வெச்சு எங்க மிஷினை எடை போடலாமா?" அண்ணாச்சி சொன்னார், "தம்பி, ரூம்ல இருக்க ஆறு பேருக்கும் காது பக்கத்துலயே இருக்கு. நான் வாங்குதது அந்தச் சுமார் போனுக்குத்தான்."

மூன்று வாரம், நாலு பஸ் பயணம். கடைசியில் வாங்கியது திரும்பாத, ஆளைத் துரத்தாத, அறை முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுகிற ஒரு சாதாரண கேமரா. மேஜை நடுவில் வைக்கிற மைக் இரண்டு. டைல்ஸ் சுவரில் எதிரொலி அடங்க பத்தமடைக் கோரைப்பாய்களை வாங்கி ஆணி அடித்து மாட்டினார். கேட்லாக் அடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, மேஜைக் கோடியில் ஒரு டி.வி.யை வாங்கி, ஆள் உட்காருகிற உயரத்துக்கு வைத்தார். "அது அந்தப் பிள்ளை நாற்காலி. அதுக்கு முன்னாடி எவனும் டிபன் பாக்ஸ் வைக்கப்படாது."

மாதக் கடைசித் திங்கட்கிழமை. சென்னை மேனேஜரும் இணைந்திருந்தார். கடையம் பக்கம் மோட்டார்கள் எரிவது பற்றிப் பேச்சு வந்ததும், விவசாயிகள் சரியாகப் பராமரிப்பதில்லை என்று அவர் ஆரம்பித்தார். நான்கூட ஆமாம் போட வாயைத் திறந்தேன். அண்ணாச்சி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

"இல்லை சார்" என்றது டி.வி.

செல்வி பேசினாள். சாயங்கால நேரத்து லோ வோல்டேஜ், நம் மோட்டாரில் சேர்த்து அனுப்புகிற மலிவு ஸ்டார்ட்டர், எந்தெந்தத் தோட்டம், எந்தெந்த மாதம் என்று பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாள். இரண்டு தடவை சென்னை மேனேஜர் குறுக்கே வந்தார். "ஒரு நிமிஷம் சார், முடிச்சிடுதேன்" என்று இரண்டு தடவையும் அவரை நிறுத்தினாள். கடைசியில் அவர், "இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று கேட்டார். அவள் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த வாரமே மெயில் வந்தது, செல்வி இப்போது போலவே வீட்டிலிருந்து தொடரலாம் என்று.

அண்ணாச்சி ரிட்டையராகி வள்ளியூருக்குப் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால், எதையும் நம்பாத மனுஷன் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு பெண் 'கேக்குது' என்று சொன்னபோது அதை அப்படியே நம்பிக்கொண்டு வேலையைப் பார்த்தவர்கள் நாங்கள் ஆறு பேர். நம்பாமல் பஸ் ஏறிப் போனவர் அவர் ஒருவர்தான். யாராவது போனில் எப்படி இருக்கீரு என்று கேட்டால், நல்லாருக்கேன் என்று நானும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும், அதை நம்பாத ஒரு ஆள் வள்ளியூரில் பஸ் ஏறிக்கொண்டிருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது.