கடற்காகமும் காகம்தான்

செத்த வீட்டில் ஒன்றுக்கும் உதவாதவனுக்கும் ஒரு வேலை கிடைக்கும். அத்தானின் எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவு அன்று எனக்குக் கிடைத்தது காகம் கூப்பிடுகிற வேலை.

எட்டு என்கிறேன், எந்த நாளிலிருந்து எட்டு என்று கேளாதீர்கள். கடலுக்குப் போன அத்தானின் படகுதான் இறக்கக்கண்டிக் கரையில் ஒதுங்கியது. அவர் ஒதுங்கவில்லை. தேடினவர்கள் கைவிட்ட நாளையே செத்த நாளாக வைத்துக்கொண்டோம். (வேறென்ன செய்கிறது?) அக்கா அன்றிலிருந்து தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் வாயில் வைக்கவில்லை.

"காகம் எடுத்தால்தான் அவர் போயிட்டார் எண்டு நம்புவன். அதுக்குப் பிறகு சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டா.

அத்தானுக்குப் பிடித்த சூடை மீன் பொரியலோடு வாழையிலையை மதிலில் வைத்து, "கா... கா..." என்று தொண்டை கிழியக் கத்தினேன். மற்ற நாட்களில் குசினிக்குள் வந்து கறிச்சட்டி கிளறுகிற சனியன்களில் ஒன்றைக்கூடக் காணோம். துறைமுகப் பக்கம் மீன் குவிந்திருந்ததாம்.

"இவன்ர குரலுக்கு வந்த காகமும் ஓடியிருக்கும்" என்றார் பெரியப்பா.

உள்ளே அக்கா சுவரோடு சாய்ந்து கிடந்தா. எனக்குப் பொறுக்கவில்லை. காகம் வராவிட்டால் நாங்கள் போவோம் என்று இலையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். சொந்தபந்தம் முழுக்கப் பின்னால். அக்காவும் வந்தா. வலைக்கயிற்றில் கால் சிக்கி, ஊரே பார்க்க, படையலின் மேலேயே குப்புற விழுந்தேன். (வேட்டி என்ன ஆனது என்று எழுதமாட்டேன்.) எழும்புவதற்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள் என் முதுகிலும் மண்ணிலும் இறங்கி, சோறு, சூடை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கடல் பக்கம் பறந்தன.

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "நாசமாப் போனவனே, இது காகமே?"

வாய் நிறைய மண்ணோடு சொன்னேன்: "பேரே கடற்காகம்தானே, பெரியப்பா!"

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடினேன். அக்காவின் குரல்தான் விழுந்தது.

"அந்த மனுசன் கடலுக்குள்ளதானே கிடக்கிறார். அங்கயிருந்து ஊர்க்காகம் எப்பிடி வாறது?"

பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே நின்றா. "சரி, வாங்கோ. பசிக்குது" என்றா.

அவ சாப்பிட்டதை ஒருவராலும் பார்க்க ஏலவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு அழுகை.

என் பெயர் அன்றோடு கடற்காகம் ஆயிற்று. திவசப் படையலும் இப்போது கடற்கரையில்தான். ஊர்க்காகங்கள் கூப்பிடாமலே வந்து குந்தும். பெரியப்பாதான் துவாயைச் சுழற்றித் துரத்துவார்:

"போங்கோடா, இது உங்களுக்கில்லை. உரியவை வரட்டும்."