ஒரு தாளுக்கு ஒரு விஷயம்

கொலை செய்தவனைக்கூட ‘ஒருவிஷயம்’ சார் மன்னித்துவிடுவார். ஒரே தாளில் இரண்டு விஷயம் எழுதியவனை மட்டும் மன்னிக்கவே மாட்டார்.

எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூரில் ஏரி மதகுகளுக்கு வரைபடம் போடும் ஆபீஸில் நான் புது ஜூனியர் இன்ஜினியர். அவர் ஹெட் டிராப்ட்ஸ்மேன். யார் வரைந்த படமானாலும் ஒரு தகரக் குழாயில் அடைபட்டு, பஸ் ஏறி, சுற்றுவட்டார செக்‌ஷன் ஆபீஸ்களுக்கெல்லாம் போய்வரும். அங்கங்கே இருக்கும் இன்ஜினியர்கள் படத்தின் குறைகளைத் தாளில் எழுதிக் குண்டூசி குத்தி அனுப்புவார்கள். இதற்குச் ‘சுற்று’ என்று பெயர். சுற்றுக்குக் காவல் தெய்வம் நம்முடைய ஆள்தான்.

தலைப்பு இல்லாத தாள் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகும். புள்ளலூர்க்காரர் ஒருவர், முன்னால் வந்த குறிப்பை முழுக்கக் காப்பியடித்து, அடியில் ‘நானும் ஆமோதிக்கிறேன்’ என்று எழுதியிருந்தார். ‘அதற்குத் தலையாட்டினால் போதும், பேப்பர் வேண்டாம்’ என்று பதில் போனது. எங்கள் ஆபீசரே ஒருமுறை குறிப்பின் ஓரத்தில் தீபாவளி வாழ்த்து எழுதிவிட்டு, அதைத் தனித்தாளில் மறுபடி எழுதிக் கொடுத்தார்.

என் முதல் மதகுப் படம் சுற்றுக்குப் போயிற்று. அது திரும்புவதற்குள் காண்டிராக்டர் அவசரப்பட்டு, ஏரிக்கரையில் கல்லும் சிமெண்டும் இறக்கிவிட்டார். அப்போதுதான் தாமல் ஆபீஸ் இன்ஜினியரின் குறிப்பு வந்தது. இதை வரைந்தவர் ஏரியைச் சினிமாவில்தான் பார்த்திருப்பார் என்று ஆரம்பித்து, அரைப்பக்கம் வசவு.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் படிப்பு, கையெழுத்து, வளர்ப்பு என்று ஒன்று விடாமல் பதில் எழுதினேன். ஒருவிஷயம் சார் அதை நிதானமாகப் படித்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“இதுல எத்தினி விஷயம் கீது சார்?”

“ஒண்ணுதான். அந்த ஆளுக்கு மரியாதை தெரியல.”

“அது படத்துல எங்க கீது? காட்டுங்க சார்.”

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். தாமல் தாளில் வசவை எல்லாம் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். ஒரு வரி மிஞ்சியது. என் பதிலையும் வெட்ட ஆரம்பித்தார். அதில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

“இந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதிக் குடுங்க சார். மத்ததெல்லாம் வாணாம்.”

மதகின் தரை ஓர் அடி உயரமாக இருக்கிறது என்பதுதான் அந்த வரி. மறுக்கிற வேகத்தில் கணக்கைப் போட்டேன். தாமல்காரர் சொன்னதுதான் சரி. அப்படியே கட்டினால் கோடையில் அந்த ஓர் அடித் தண்ணீர் ஏரியைவிட்டு வெளியே வராது. அதைப் பார்த்துக்கொண்டே கடைமடைக்காரர்களின் பயிர் காயும். சைக்கிளை எடுத்துக்கொண்டு கரைக்குப் பறந்தேன். கலவை குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சட்டி கூடக் கொட்டவில்லை. போன உயிர் திரும்பி வந்தது; கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் கடைசி வயல்வரை தண்ணீர் பாய்ந்தது. தாமல்காரருக்கு நன்றி எழுதிச் சுற்றில் குத்தினேன். ஒருவிஷயம் சார் குண்டூசியைப் பிடுங்கினார்.

“நன்றி சுத்துல போவக்கூடாது சார். ஊரே படிக்கிறதுக்கா நன்றி? நேர்ல போய்ச் சொல்லணும்.”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், குடையும் கையுமாக என் வாசலில் நிற்கிறார், என்னைத் தாமலுக்கு அழைத்துப்போக. அங்கே அந்தக் கோபக்கார இன்ஜினியர் நான் நன்றி சொன்னதும், தானே உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஒருவிஷயம் சார் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். உத்திரமேரூர் வரும்வரை நான் அசையவே இல்லை.