ஸ்டேபிள் என்றால் நலமா?

சொல் பிளப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. விறகு பிளப்பவர்களைவிட அதிகமாக வியர்ப்பார்கள். ஆனால் அந்த விறகில் யாரும் சோறு பொங்க முடியாது. ஓர் ஆங்கிலச் சொல்லை நீங்கள் அவர்கள் காதில் விழும்படி உச்சரித்துவிட்டால் போதும். அது வேறு, இது வேறு, இன்னொன்று அதற்கும் வேறு என்று தொடங்கி, நீங்கள் சொல்ல வந்தது உங்களுக்கே மறந்துபோன பிறகுதான் நிறுத்துவார்கள்.

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் குடியிருக்கும் புருஷோத்தமனை அந்த இனத்தின் உயர்ந்த ரகம் என்று சொல்லலாம். தாத்தா ரயில்வேக்காக ஆற்காட்டிலிருந்து செகந்திராபாத் வந்தவர். பேரன் மின்னணுத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதி ஓய்வு பெற்றவர். கையேட்டில் ‘வார்னிங்’ என்று போட்டால் ஆள் சாவான், ‘காஷன்’ என்று போட்டால் இயந்திரம்தான் கெடும். அங்கே அவர் வார்த்தை பார்த்ததில் நியாயம் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அந்த நியாயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அடுக்குமாடிக் கூட்டத்தில் செயலாளர் “வாட்டர் ப்ராப்ளம்” என்றார். இவர் எழுந்தார். ப்ராப்ளம் வேறு, இஷ்யூ வேறு, ஷார்ட்டேஜ் வேறு என்று விளக்கி முடிப்பதற்குள், கையெழுத்துக்காக வாசலில் காத்திருந்த தண்ணீர் லாரி அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டது. கீழ்வீட்டுப் பெரியவர் இறந்தபோது, அப்பா எக்ஸ்பயர் ஆகிவிட்டார் என்று அழுத மகனின் தோளைப் பரிவோடு தட்டி, “மருந்துதாம்ப்பா எக்ஸ்பயர் ஆகும்” என்றார். அந்தப் பையன் என்ன செய்வான்? “ஹவ் அங்கிள்” என்று ஹைதராபாத் உருதுவில் ஆமாம் போட்டு ஒப்புக்கொண்டு, மறுபடி அழப் போனான்.

இவரோடு குடித்தனம் நடத்துவது எப்படி? மனைவி தங்கத்தைக் கேட்க வேண்டும். ஒருநாள் காலை, பீர்க்கங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, இங்க வலிக்குதுங்க.”

“வலின்னா? பெயினா, ஏக்கா?”

“வலிங்க.”

“டாக்டர்கிட்ட சரியா சொல்லணும்ல? மந்தமா விடாம இருந்தா ஏக். சுருக்குன்னு இழுத்தா பெயின். தொட்டா மட்டும் தெரிஞ்சா சோர்.”

“எல்லாம்தான்.”

“எல்லாம்னு ஒரு வார்த்தை கிடையாது தங்கம்.”

நல்லவேளையாக எதிர்வீட்டு ஜுலைகா வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தங்கத்திடம் தமிழும் தங்கத்துக்காகக் கோபமும் கற்றவர்.

“இத்தனை கேள்வி கைக்கு, எதுக்கு பாய்சாப்? முதல்ல ஆட்டோ கூப்பிடுங்க!”

ஆஸ்பத்திரியில் பார்த்ததில் பித்தப்பையில் கல்; பை வீங்கியிருந்தது. மதியமே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர் பூர்ணா, சின்ன வயது தெலுங்குப் பெண். தங்கம் உள்ளே போனார். புருஷோத்தமன் வெளியே உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. டாக்டர் “ஷி இஸ் ஸ்டேபிள்” என்று சொல்லிவிட்டு வேறொரு நோயாளியைப் பார்க்க விரைந்தார்.

வேறு யாராக இருந்தாலும் பெருமூச்சு விட்டு, காபி குடிக்கப் போயிருப்பார்கள். புருஷோத்தமனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏன் ஃபைன் என்று சொல்லவில்லை? ஏன் வெல் இல்லை? ஸ்டேபிள் என்றால் விழாமல் நிற்கிறது, அவ்வளவுதானே? நன்றாக இருக்கிற சுவரைக் காட்டி, சுவர் விழவில்லை என்று யாராவது சொல்வார்களா? விழக்கூடியதைப் பற்றித்தானே அப்படிச் சொல்வார்கள்? கைபேசியில் அகராதியைத் திறந்தார். ‘மோசமடையாத நிலை’ என்றது. எந்த மோசத்திலிருந்து?

“நல்லா இருக்காங்கன்னுதான் பாய்சாப் அர்த்தம்” என்றார் கூடவே வந்திருந்த ஜுலைகா.

“நல்லா இருந்தா நல்லா இருக்காங்கன்னே சொல்லியிருப்பாங்களேம்மா!”

எழுந்து ஓடினார். தாழ்வாரத்தின் கோடியில் டாக்டரை மடக்கினார். “மேடம், ஸ்டேபிளா, ஃபைனா? ஒரே வார்த்தைல சொல்லுங்க.”

டாக்டர் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். ஆங்கிலத்தை விட்டுவிட்டார். “பாகுன்னாரு அங்கிள். ஆன்ட்டி பாகுன்னாரு.”

நன்றாக இருக்கிறாள். அந்தத் தெலுங்குச் சொல்லுக்கு அவர் இணைச்சொல் எதையும் தேடவில்லை. சுவரில் சாய்ந்து அழுதார். அது க்ரையா, வீப்பா, தேம்பி அழும் ‘சாப்’பா என்று தரம் பிரிக்க அந்தத் தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை.

மாலையில் தங்கம் கண் விழித்தபோது, கட்டிலருகே அவர் ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கம் சற்று நேரம் பார்த்தார். முகம் வெளிறியது.

“ஏங்க இப்படிப் பேசாம இருக்கீங்க? எனக்கு ஏதாவது பெரிசா வந்துடுச்சா? மறைக்காதீங்க.”

“ஒண்ணும் இல்ல தங்கம்.”

“அப்ப ஏன் பேச மாட்டேங்கறீங்க?”

இனி என்ன சொன்னாலும் நம்ப மாட்டாள் என்று தெரிந்தது. புருஷோத்தமன் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவில் ஓர் அறிவிப்புப் பலகை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அந்த போர்டைப் பாரு. விசிட்டர்ஸ் நாட் அலவுட்னு போட்டிருக்கான். பர்மிட்டட்னு போட்டிருக்கணும். அலவ்னா தடுக்காம விடறது. பர்மிட்னா விதிப்படி அனுமதி குடுக்கறது...”

தங்கத்தின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அவர் மூன்றாவதான ‘லெட்’டுக்கு வருவதற்குள் தங்கம் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

நிற்க. ஸ்டேபிள் என்றால் குதிரை லாயம் என்றும் ஒரு பொருள் இருக்கிறதே, கதையில் அதை விட்டுவிட்டார்களே என்று நடுவில் உங்களுக்கு ஒரு நமைச்சல் வந்ததா? வந்திருந்தால், உங்கள் வீட்டில் யாராவது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, தயவுசெய்து முதலில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.